தேயிலைக்கு டீம் உண்டு, ஏலத்துக்கு இல்லை

போடிநாயக்கனூரில் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஃபுட்பால் என்பது மலையிலிருந்து இறங்கி வந்த ஆட்டம். கபடி எங்களோடு பிறந்தது. கிரிக்கெட் ரேடியோவில் கேட்டுப் பழகியது. ஃபுட்பாலை மட்டும் மூணாறு எஸ்டேட் பையன்கள்தான் கொண்டுவந்தார்கள். முழுப்பரீட்சை லீவுக்குத் தாத்தா, அப்பத்தாவைப் பார்க்கப் போடிக்கு வருவார்கள். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஒதுங்கிய மணலில் இரண்டு பக்கமும் செருப்பைக் கழற்றி வைத்தால் கோல் தயார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மொத்தமாகப் பந்துக்குப் பின்னால் ஓடுவோம். அவர்கள் நாலு பேரும் நின்ற இடத்திலிருந்தே ஒருவருக்கொருவர் தட்டிவிட்டுக் கோல் போட்டுவிடுவார்கள். எப்படிடா என்று கேட்டால், "எங்க எஸ்டேட்ல டீம் இருக்கு" என்பார்கள். அவ்வளவுதான் பதில்.

கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பை உலகத்துக்கே தெரியும். 1889-ல் தொடங்கியது. 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமான கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியது. ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். இதையெல்லாம் படித்துப் பெருமைப்படுகிறோம். ஆனால் போடியிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் மேலே, மூணாறில், எஸ்டேட் டீம்கள் மோதும் ஃபின்லே ஷீல்டு என்ற 1941-ல் தொடங்கிய போட்டி இருப்பதும், அதில் ஆடி வந்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்து வம்சம் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலைக் கம்பெனி 1897-ல் வந்தது. ஜேம்ஸ் ஃபின்லே என்ற ஸ்காட்லாந்துக் கம்பெனியின் பிடியில் இருந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மூணாறுக்கு வாசல் போடிதான். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அதைக் குட்டி ரயிலாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் அதை அடியோடு கொண்டுபோய்விட்டது. 1931-ல் ஆலுவா சாலை திறந்த பிறகு கம்பெனி கொச்சிப் பக்கம் திரும்பிக்கொண்டது. மனுசப் போக்குவரத்து மட்டும் போடிமெட்டு வழியாகவே நடந்தது. அப்படித்தான் பந்தும் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

என் பெரியப்பா ஒரு எஸ்டேட் டீமில் பேக் ஆடியவர். குண்டுமலை, மாட்டுப்பட்டி, செண்டுவாரை, பெரியவாரை, நயமக்காடு என்று அவர் எஸ்டேட் பெயர்களைச் சொல்லும்போது எங்களுக்கு அவை ஊர்களாகத் தெரியாது, டீம்களாகவே தெரியும். வேலை முடிந்து, கொழுந்து எடை போட்டு முடித்த பிறகுதான் பிராக்டிஸ். சாயங்காலம் மஞ்சு இறங்கிவிட்டால் எதிரில் நிற்பவன் முகம் தெரியாது. உதைத்த சத்தத்தை வைத்துத்தான் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கணக்குப் பண்ணுவார்களாம். அன்றைய தோல் பந்தை எனக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். உள்ளே ரப்பர் பிளாடர். அதன் குழாயை மடக்கிச் சணல் கயிற்றால் கட்டி உள்ளே தள்ளிவிட்டு, வாயை ஷூ லேஸ் மாதிரி தோல் வாரால் இழுத்துத் தைக்க வேண்டும். மழையில் ஊறினால் அந்தப் பந்து கருங்கல் கனம் கனக்கும். லேஸ் இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் பிய்ந்துவிடும். பெரியப்பா நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், குறுக்கே ஒரு தழும்பு உண்டு. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் எந்த மேட்ச் கதையையும் ஆரம்பிப்பார்.

ஃபின்லே ஷீல்டு ஃபைனல் அன்றைக்கு லாரியிலும் டிராக்டரிலும் ஜனம் மூணாறு கிரவுண்டுக்கு வந்து இறங்கும். ஜெயித்த எஸ்டேட்டின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ராத்திரி முழுக்க மேளம் அடங்காது. தோற்ற எஸ்டேட்டில் ஒரு வாரத்துக்குக் கோலி வெளியே தலைகாட்ட முடியாது. இதையெல்லாம் பெரியப்பா சொல்லி நான் கேட்டது. ஆனால் சொல்லும்போது அவர் குரலில் ஏறும் சூட்டை நானே பார்த்திருக்கிறேன்.

சின்ன வயசில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதே மலைத்தொடரில், போடிமெட்டைத் தாண்டியதும் தொடங்கும் ஏலத் தோட்டங்களில் ஏன் டீம் இல்லை? எங்கள் ஊரே ஏலக்காயில் பிழைக்கிற ஊர். விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாக மேலே ஏறும். உள்ளே பெண்கள் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். அங்கேதான் விடை இருக்கிறது. ஏலத்தில் வேலை செய்த ஜனத்தில் பெரும்பகுதி மலையில் தங்கவில்லை, இரவானால் போடிக்கும் தேவாரத்துக்கும் கம்பத்துக்கும் வந்துவிடும். தோட்டங்களும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடப்பவை. போதாததற்கு, ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். மேலே பெரிய மரம் இருந்தாக வேண்டும், அந்த மரத்தில் கை வைக்கச் சட்டம் விடாது. பந்து உருட்ட ஒரு வெட்டவெளி கிடைக்காது. தேயிலைக்குக் காட்டை மொட்டை அடித்தார்கள். அந்தக் கொடுமையில் ஒரு கிரவுண்டும் கிடைத்தது, ராத்திரியும் அங்கேயே தங்குகிற பதினோரு பேரும் கிடைத்தார்கள்.

சென்னையிலும் இப்படித்தான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று வேலை கொடுத்த இடங்கள் டீமையும் வைத்திருந்தன. நன்றாக ஆடினால் உத்தியோகம், உத்தியோகம் இருந்தால் சோறு. 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து போனது ஒரு வங்கி டீம்தான். இங்கிலாந்துக்குப் போனாலும் அதே கதைதான். லண்டன் ஆர்சனல் 1886-ல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் தொடங்கியது. மான்செஸ்டர் யுனைடெட் ரயில்வே பட்டறைக்காரர்களுடையது. வெஸ்ட் ஹாம் கப்பல் கட்டியவர்களுடையது.

அந்த இங்கிலாந்து டீம்களெல்லாம் உலகம் அறிந்த கிளப் ஆகிவிட்டன, எங்கள் பெரியப்பாவின் டீம் எஸ்டேட் டீமாகவே நின்றுவிட்டது. ஆட்டத்தில் குறை என்று நான் நம்பவில்லை. கிழக்கு லண்டன் பட்டறைக்காரன் வேலையை விட்ட பிறகும் அதே தெருவில் இருந்தான். சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு மேட்சுக்குப் போனான், மகன் பேரனைக் கூட்டிப் போனான். எஸ்டேட்டில் லயம் கம்பெனிக்குச் சொந்தம். பிள்ளைகளில் யாரும் வேலையில் இல்லையென்றால், ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெரியப்பா தன் டீம் ஆடிய கிரவுண்டை விட்டு இறங்கிப் போடியில் வாடகை வீட்டுக்கு வந்தார். சங்கரன்கோவிலுக்கும் கயத்தாறுக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். ஆடியவனும் இருக்க முடியாத, பார்த்தவனும் இருக்க முடியாத இடத்தில் கிளப் எப்படி வேர் பிடிக்கும்? வீடு சொந்தமாக இருந்திருந்தால் மாட்டுப்பட்டிக்கோ குண்டுமலைக்கோ இந்நேரம் நூறு வருசத்தை நெருங்கும் ஒரு கிளப் இருந்திருக்கும் என்று நான் இன்னும் அடித்துச் சொல்வேன்.

இன்றைக்குப் போடியில் பையன்கள் நீல ஜெர்சி போட்டுத் திரிகிறார்கள். சென்னையின் எஃப்.சி. 2014-ல் பிறந்தது, அபிஷேக் பச்சனும் தோனியும் உரிமையாளர்களில் சேர்ந்தவர்கள். 2015 ஐ.எஸ்.எல். ஃபைனலில் கோவா 2-1 என்று முன்னால் நிற்க, ஆட்டம் முடிகிற நேரத்தில் இரண்டு கோல் விழுந்து சென்னை 3-2 என்று கோப்பையைத் தூக்கியதை டீக்கடை டிவியில் பார்த்தோம். 2018-ல் பெங்களூரையும் அதே 3-2-தான். அந்தச் சந்தோஷம் உண்மையானது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்னை சிட்டி எஃப்.சி.யை நினைத்தால் மனம் அடங்குவதில்லை. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். 2018-19 ஐ-லீக்கை வென்றது. இன்றைக்குத் தேசிய லீக் எதிலும் அந்தப் பெயர் இல்லை. சாம்பியன் கிளப் சில வருசத்தில் காணாமல் போகிறது. மூணாறின் ஃபின்லே ஷீல்டோ வெள்ளைக்காரன் போய், டாடா வந்து, 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களான கம்பெனி வந்த பிறகும் நடக்கிறது.

மதுரை-போடி ரயில் 1928-ல் வந்தது. அகலப்பாதைக்காக 2010-ல் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-ல்தான் திரும்ப ஓடியது. அன்றைக்கே சென்னைக்கும் நேரடி ரயில் விட்டார்கள். என் தம்பி மகன் ஃபுட்பால் செலக்‌ஷனுக்கு அதில்தான் போய்வந்தான். எடுக்கவில்லை. "எந்த டீமுக்கு ஆடுறேன்னு கேட்டாங்க பெரியப்பா, சொல்ல ஒண்ணும் இல்லை" என்றான். ஆற்று மணலில் என்னோடு ஆடிய எஸ்டேட் பையன்கள் யாரும் அந்தக் கேள்விக்கு வாய் மூடி நின்றிருக்க மாட்டார்கள். இவனிடம் நல்ல ஸ்டட் ஷூ இருக்கிறது, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆட டர்ஃப் இருக்கிறது, போனில் உலகத்து லீக் எல்லாம் இருக்கிறது. டீம் இல்லை.

இதற்கிடையில் மலையில் ஒன்று நடக்கிறது. லயங்களில் இருந்த நம் பிள்ளைகள் படித்துவிட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் போக, ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஏலத் தோட்டங்களிலும் இப்போது அவர்கள் உண்டு. போடி ஜீப்பில் ஏறி இறங்குவதில்லை, தோட்டத்து ஷெட்டிலேயே தங்குகிறார்கள். பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றின் வாசலில், காய் காயும் வாசனை மூக்கைத் துளைக்க, சிமெண்ட் களத்தில் ஏழெட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெறுங்கால்தான். பந்தை மேலே எழுப்பாமல் தரையோடு தரையாகத் தள்ளி ஆடினார்கள். அடித்துவிட்டால் பள்ளத்தில் போய்விடும். ஏலத்துக்கும் மலையிலேயே தங்குகிற ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள்.

அந்த ஸ்டோர்க்காரரிடம் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆட ஆட்களைப் போடிக்கு இறக்கிவிடச் சம்மதித்துவிட்டார். தம்பி மகனும் அவன் கூட்டாளிகளும் ஒன்பது பேர்தான் தேறுகிறார்கள். மேலே இருந்து வருகிறவர்களில் இரண்டு பேரை எங்கள் பக்கம் வாங்கிக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம். ஜீப்புக்கு டீசல் காசு என்னுடையது.