கேசிங்கோட சும்மா

கற்பிட்டியில் ஒரு தம்பி புதுக் கம்ப்யூட்டர் பூட்டப் போகிறார் என்றால் முதல் பேச்சு பிராசஸரைப் பற்றித்தான். ரைசன் 5ஆ, கோர் ஐ5ஆ என்று கூட்டாளிமார் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். அடுத்தது கிராஃபிக்ஸ் கார்ட். ஆர்டிஎக்ஸ் 3060 தனியாகவே 170 வாட் குடிக்கும். செய்த கம்பனியே 550 வாட் பவர் சப்ளை போடச் சொல்கிறது. அதற்குள் காசு வற்றிவிடும். 2024 முதல் வற் வரி வேறு 18 சதவீதம்.

"பவர் சப்ளை கேசிங்கோட சும்மா வருது நானா."

தூக்கிப் பார்த்தால் காற்றடைத்த பிஸ்கட் பக்கற் கனம். ஸ்டிக்கரில் 500 வாட்.

பக்கத்திலேயே 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையம் இருக்கும் தைரியமாக்கும்! 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாக அமைச்சரே சொன்னார், நாடே இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்று, மறுபடி எழும்பச் சில நாள் பிடித்தது. யூபிஎஸ்ஸா? அது அடுத்த பெருநாளைக்கு.

புத்தளத்து உப்பளங்களில் உப்பை விளைவிக்கும் அதே கடற்காற்றைத்தான் கண்ணாடிக் கேசிங்கின் ஃபேன்களும் ஆசையாக உள்ளே இழுக்கின்றன. ஈரமும் உப்பும் போர்டில் படிந்தால் செம்பில் பச்சை பூக்கும். தூசி வலை உப்பை வழிமறிக்காது. "ஜன்னலுக்குக் கிட்ட வைக்காதீங்க தம்பி, ரெண்டு ஃபேனையும் குறைங்க" என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

"அப்ப கலர் லைட்டும் குறையுமே நானா?"