லிப்டன் துரைக்கு அரைப்பேர்

கனவைக் கைவிடாதே என்று சொல்வதற்காகக் கொழும்பிலிருந்து ஒருவர் வேன் பிடித்து மொனராகலைக்கு வந்திருந்தார், போன ஞாயிறு. ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றரைக்கு வந்து, நேரத்தின் அருமையைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். பிறகு எல்லோரும் கண்ணை மூடி அவரவர் கனவைப் பார்க்க வேண்டுமாம். மூடினேன். பகல் சாப்பாடு தெரிந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். உதாரணத்துக்கு லிப்டனை இழுத்தார் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை. கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், 1890இல் இங்கே வந்தார், அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னை முதலான தோட்டங்களை வாங்கினார், உலகத்துக்கே தேத்தண்ணி கொடுத்தார், கைதட்டுங்கள். தட்டினோம். ஐயா, தேயிலை அந்த மனுஷனுக்குத் தொழில். கனவு படகு! அந்தப் படகைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்கர்கள் விடாமல் வைத்திருந்த ஒரு பாய்மரப் பந்தயக் கோப்பை மேல் அவருக்கு ஆசை. 1899இல் ‘ஷாம்ராக்’ என்றொரு படகு கட்டிக்கொண்டு போனார். தோல்வி. 1901, இரண்டாம் ஷாம்ராக். தோல்வி. 1903, மூன்றாவது. சொல்லவே வேண்டாம். சவால் விடுகிறவன் படகு அட்லாண்டிக்கை மிதந்தே தாண்டி வரவேண்டும் என்று விதி வேறு. எதிராளி படகு வீட்டு வாசலில் நிற்கும். நாலாவது படகு 1914இல் நடுக்கடலில் போகும்போது உலகப்போர் மூண்டது. தூக்கிக் கரையில் வைத்தார்கள். 1920இல் இறக்கினால், முதல் இரண்டு ஓட்டமும் வெற்றி! ஐந்தில் மூன்று வேண்டும். மிச்சம் மூன்றையும் விட்டார். 1930இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஐந்தாவது படகு. அதுவும் போச்சு. அமெரிக்கர்களுக்கே மனசு கேட்காமல் காசு சேர்த்து ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். கடைக்காரன்தானே என்று அதுவரை ஒதுக்கிவைத்த இங்கிலாந்துப் பெரிய மனிதர்களின் படகுச் சங்கம், 1931இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே வருஷம் கண்ணை மூடினார். பாய்மரத்தின் உயரத்தை இன்னும் நான் சொல்லவில்லை. வீட்டில் அந்த இடம் வருவதற்குள் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நான் எழுதப்போகும் தோட்டத்து நாவலைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான். அது பல வருஷமாகத் தலைப்பிலேயே நிற்கிறது.

இந்தப் பக்கத்துத் தோட்டச் சனமும் கனவு கண்டதுதான். நாள் சம்பளம் 1000 ரூபா. வருஷக்கணக்காகக் கேட்டு, கொடி பிடித்து, 2021இல் வந்தது. 2022இல் ரூபா விழுந்தது. அதற்கு யாரும் தங்கக் கோப்பை செய்யவில்லை.

மலையில் கொழுந்து நிறை குறைந்தால், பேர் பதியும் செக்ரோலில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்தக் கணக்கில் ஐந்து படகுக்கும் சேர்த்துத் துரைக்கு இரண்டரைப் பேர் வரும் என்று, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அஞ்சு நாளும் நிறை கொறஞ்சா என்னா தம்பி அரைப்பேரு? ஆறாம் நாளு செக்ரோல்ல பேரே இருக்காது.”