பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

*இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் மறுபடியும் செல்ஃப் எடுப்பதில்லை. ராசியில்லாத வண்டியா? (வாசகர், திருச்சி)*

ராசியில் குறையில்லை. எங்கேயோ கரண்ட் கசிகிறது, அவ்வளவுதான். வண்டியைப் பூட்டிய பிறகும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் என்றால் பயமில்லை. அதுவே 500 ஆனால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் போய்விடும். சின்னக் காரில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றே நாளில் காலி. மூன்றாவது பேட்டரி வாங்கினாலும் இதே கதைதான்.

ஒரு மல்டிமீட்டர் போதும், திருடனைப் பிடித்துவிடலாம். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் டிரைவர் கதவையும் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திவிடுங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி எடுத்துக்கொள்ளும். பிறகு நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. முதலில் ரீடிங் அதிகமாகத்தான் காட்டும். பதறாமல் அரை மணி நேரம் பொறுங்கள், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்க வேண்டும். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது ரீடிங் சட்டென்று விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. வண்டி வாங்கிய பிறகு மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபயர், அணையாத டிக்கி லைட் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். எதைப் பிடுங்கினாலும் குறையவில்லையா? ஆல்டர்னேட்டரின் டயோடைப் பார்க்கச் சொல்லுங்கள்.

*கோளாறு பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா? (வாசகர், ஈரோடு)*

மூன்று ரீடிங்கில் தெரிந்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். முழு சார்ஜ் இருந்தும் ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட் போட்டிருக்கும்போது 13-ஐத் தாண்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் கவனியுங்கள்.

*இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா? (வாசகர், வேலூர்)*

கையைப் பிடித்துத் தடுங்கள்! அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் வண்டியின் கம்ப்யூட்டரையே கருக்கிவிடலாம்.

*தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அப்படியும் சார்ஜ் நிற்கவில்லையே? (வாசகி, தஞ்சாவூர்)*

ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட் திரும்ப ஏறுவதற்குள் பள்ளி வந்துவிடுகிறது. பாதி சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். வாரம் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் பைபாஸில் ஓட்டுங்கள்.

*டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. (வாசகர், நாகர்கோவில்)*

முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துத் துடைத்து, உலரவிட்டு மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கிளாம்ப் கையால் அசைத்தால் துளியும் ஆடக்கூடாது. பேட்டரியே செத்துவிட்டது என்று நம்பவைப்பது பல நேரம் இந்த ஆட்டம்தான்.

*பேட்டரிக்கு எமன் குளிரா, வெயிலா? (வாசகி, சென்னை)*

நம் ஊரில் வெயில். சூடு ஏற ஏற உள்ளே தகடு அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் வேகமாகும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் கோடையில் அடிக்கடி பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

*பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடலாமா? (வாசகர், சேலம்)*

கூடாது. உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். திறந்த வெளியில் உடைத்து உருக்கினால் ஈயம் காற்றிலும் மண்ணிலும் கலக்கும், முதலில் பாதிக்கப்படுவது அந்தத் தெருக் குழந்தைகள். புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.