படியா, காரா?

கேள்வி: பரங்கிமலைத் தோமையார் ஆலயத்தைத் தரிசிக்கச் சென்னைக்கு வருகிறேன். படியேறிச் சென்றால்தான் புண்ணியமா, காரில் போனாலும் கிடைக்குமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: புண்ணியக் கணக்கை எழுதுகிறவர் மேலே இருக்கிறார், நான் அறிந்தது நன்றிக் கணக்கு ஒன்றுதான். 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாணிபம் செய்து பெரும்பொருள் ஈட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வர்த்தகர், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் ஒன்றை நிர்மாணித்ததோடு திருப்தியடையாமல், மலையேறும் யாத்ரீகர்களின் சிரமத்துக்கு இரங்கிக் கருங்கற் படிகளையும் தம் சொந்தச் செலவிலேயே அமைத்துக் கொடுத்தார். அந்தத் தர்மவான் இலவசமாய் அளித்த வழி காத்துக் கிடக்க, தாங்கள் பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பானேன்?

உச்சியில், போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய ஆலயமும், 1547-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, பஹ்லவி எழுத்துக்கள் பொறித்த கற்சிலுவையும் தங்களுக்குத் தரிசனம் தரும். சற்றே திரும்பினால், மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்கும் காட்சியும் கிட்டும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சமின்றிக் காரிலேயே செல்லலாம். ஆனால், கண்ணால் கண்டு கையால் தொட்டாலன்றி நம்பேன் என்று சாதித்த அந்தப் புனிதரிடம், பொய் வலி மட்டும் செல்லாது!