பணி திருப்திப் படிவம், கேள்வி 14-க்கு என் பதில்

அனுப்புநர்: லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் (தொகுப்பூதியம்)
பெறுநர்: மருத்துவமனை நிர்வாகமும் தாய்ப்பால் வார விழாக் குழுவும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பால் வாரம் என்பதால் வார்டுக்கு இரண்டு காகிதங்கள் சேர்ந்தே வந்தன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைக்கும் தாய்ப்பால் கொடுத்தாக வேண்டும் என்ற சுற்றறிக்கை ஒன்று; நர்சுகளுக்கான பணி திருப்திப் படிவம் மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

சுற்றறிக்கை பற்றிக் கவலையே வேண்டாம். நம் ரிஜிஸ்டரில் 100 சதவீதம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 88.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில்தான் நடந்திருக்கிறது. முதல் மணி நேரத்தில் பால் குடித்த குழந்தைகளோ 41.8 சதவீதம்தானாம். ஆய்வுக்காரர்கள் போய்த் தாய்மார்களைக் கேட்டிருக்கிறார்கள். ரிஜிஸ்டரை அல்லவா கேட்டிருக்க வேண்டும்! நம் வார்டுக் குழந்தைகள் ஒழுக்கமானவர்கள். சுகப்பிரசவமோ சிசேரியனோ, நடுராத்திரியோ விடிகாலையோ, சரியாக முப்பதாவது நிமிடம் குடித்துவிடுகிறார்கள். நைட் டியூட்டி முடியும்போது மொத்தமாக எழுதுவதால் கையெழுத்தும் ஒரே சீராக இருக்கும்.

ரிஜிஸ்டருக்கு வெளியே கொஞ்சம் சிக்கல். நஞ்சு விழுந்ததா, ரத்தப்போக்கு நின்றதா, பி.பி. என்ன என்று பார்த்து, தையலுக்கு டாக்டரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள், சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு பாட்டி கதவருகே நிற்பார். சிசேரியன் ஆன தாய்க்கு இடுப்புக்குக் கீழே உணர்விருக்காது, ஒரு கையில் டிரிப்ஸ். யாராவது குழந்தையைப் பிடித்து மார்பில் அணைத்து வைக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். அடுத்த டேபிளில் முக்கிக்கொண்டிருப்பவருக்கும் நான்தான். பாட்டிக்கும் நான்தான்.

இனி கேள்வி 14: 'இப்பணி உங்களுக்கு மனநிறைவு அளிக்கிறதா?'

அளிக்கிறது. வெறும் காம்பைச் சப்பி அழுத குழந்தை, வாயை அகலத் திறந்து கருவட்டத்தோடு சேர்த்துக் கவ்வும்போது அழுகை நின்று, விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். தாயின் தோள் தானாகத் தளரும். அப்போது படிவம் கொடுத்திருந்தால் 'மிகவும்' என்பதில் டிக் அடித்திருப்பேன். நீங்கள் கொடுத்த நேரம், என் நான்கு மாதக் குழந்தை வீட்டில் மாமியாரிடம் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பால் கட்டி யூனிஃபார்ம் நனைந்திருந்தது. ஸ்டோர் ரூமில் குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று பிழிந்து, சிங்கில் ஊற்றினேன். கையைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போய், "ஆறு மாசம் வரைக்கும் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாதும்மா" என்று வகுப்பெடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை, நல்லவர்கள்.

நிரந்தரத் தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பு. எனக்குச் சொல்லப்பட்டது, "லீவு எடுத்துக்கோங்க சிஸ்டர், சம்பளம் வராது." என் மார்புக்கு இந்த வித்தியாசம் இன்னும் பிடிபடவில்லை, அரசாணை பார்க்காமலே சுரக்கிறது. தமிழ்நாட்டுப் பஸ் ஸ்டாண்டுகளில் 2015-லேயே பாலூட்டும் அறைகள் வந்துவிட்டன. ஆகவே, டியூட்டி நடுவே பஸ் ஸ்டாண்டு போய்வர அனுமதி தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விழா மேடையில் உறுதிமொழி வாசிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வாசிக்கிறேன். அந்த நேரம் லேபர் வார்டை யார் பார்ப்பார் என்பதை மட்டும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யாராவது