கசியும்வரை கவிஞர்

இங்கிலாந்தில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் தன் கையாலேயே கார் கட்டும் ஒரு ரகத்தினர் உண்டு. பெட்டி பெட்டியாக வந்திறங்கும் கிட், ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின், மீதிக்கு வாய். கதவு இல்லையா? எடை மிச்சம். மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதா? திறந்த காரின் சுகமே அதுதான். ஸ்டியரிங் உதறுகிறதா? சாலை கையோடு பேசுகிறது என்பார். குறை எதுவானாலும் குணமாக்கிவிடும் இந்தக் கவிஞரை அளக்க எஞ்சினைப் பார்த்துப் பயனில்லை, பெட்ரோல் குழாயைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே ஒன்றில்தான் அவர் வாய் செல்லாது.

பெட்ரோல் போகிற வழி முழுக்கச் சம்பந்தி வீட்டுச் சமாசாரம். டாங்க் ஒரு காரிலிருந்து, பம்ப் இன்னொன்றிலிருந்து, குழாய் கடையிலிருந்து. ஒன்றுக்கொன்று முன்பின் அறிமுகம் கிடையாது. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 3, 4 பவுண்டு அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்குப் பெரும்பாலும் 40-க்கு மேல் வேண்டும். மலிவாகக் கிடைத்த இன்ஜெக்‌ஷன் பம்பைக் கார்புரேட்டருக்குப் பூட்டினால், ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பொங்கி வழியும். உலோகக் குழாயின் விரித்த முனையில் இன்னொரு வம்பு. பந்தயக் கார் இணைப்புகளுக்குச் சரிவு 37 டிகிரி, சாதாரணக் கார்களில் 45 டிகிரி வழக்கம். சில அளவுகளில் மரை ஒன்றாகவே இருப்பதால் நட்டு சமர்த்தாக ஏறி உட்காரும். இறுகிவிட்டது என்று ஸ்பேனரும் சாட்சி சொல்லும். உள்ளே இரண்டு சரிவுகளும் ஒட்டாமல் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் காலை நட்டின் அடியில் ஒரு துளி. துடைத்துவிட்டுக் காத்திருந்தால் இன்னொரு துளி. இதற்கு என்ன உவமை சொல்வது?

கருமித்தனத்துக்குப் போய் இவ்வளவு விளக்கமா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் நியாயமான கேள்விதான். முழுக் காருக்கு வரி உண்டு, பாகங்களாக வாங்கித் தானே பூட்டிக்கொண்டால் இல்லை என்பதால்தான் லோட்டஸ் செவன் கிட்டாக விலை போனது. 1973-ல் வாட் வரி வந்து அந்தச் சலுகை போயிற்று, ஆள் போகவில்லை. 250 பவுண்டில் கார் கட்டலாம் என்று ரான் சாம்பியன் 1996-ல் புத்தகமே எழுதினார். ஆனால் காசுக்குக் கணக்குப் பார்ப்பவர் கசிகிற இணைப்பில் பசையைத் தடவிவிட்டுப் போயிருப்பார். இவரைப் போலக் குழாயை முழுதாகப் பிடுங்கி மறுபடி வளைத்துக்கொண்டிருக்க மாட்டார். நெருப்புப் பயம்தான் காரணம் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து மூலையிலிருக்கும் ஹீட்டரைத் தேடிப் போகும். பயப்பட வேண்டியதுதான். ஆனால் பிரேக்கும் ஆளைக் கொல்லும். அதைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வலிப்பதில்லையே! வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. பிரேக்கின் குறையைக் கண்டுபிடிக்க விவரம் தெரிந்தவர் வேண்டும்; பெட்ரோல் கசிவைச் சமையலறையில் இருந்தபடியே மனைவி சொல்லிவிடுவார். விவரம் தெரிந்தவரோடு விடிய விடிய வாதாடலாம். நாற்றத்தோடு எப்படி வாதாடுவது? 2021-ல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்து, பழைய ரப்பர் அதற்குத் தாங்காது என்றதும், மறுபேச்சில்லாமல் குழாயை மாற்றியவரும் இவரேதான்.

விதிவிலக்கு பெட்ரோல் முள். டாங்க்குக்குள் மிதவை அமெரிக்க வழக்கு என்றால் காலிக்கு 240 ஓம், நிறைந்தால் 33. டாஷ்போர்டில் மீட்டர் ஐரோப்பிய வழக்கு என்றால் காலிக்கு 10, நிறைந்தால் 180. இரண்டையும் இணைத்தால் டாங்க் வற்ற வற்ற முள் ஏறும். இது கசியாது, நாறாது. எனவே பழைய தெம்போடு விளக்கம் வந்துவிடுகிறது: முள் காட்டுவது உள்ளே இருக்கும் பெட்ரோலை அல்லவாம், இன்னும் எவ்வளவு ஊற்றலாம் என்பதையாம்.