தில்லை அறையும் செத்த ஹார்ட் டிஸ்கும்: கடலூர் மாவட்டத் தரவுமீட்பு மரபு பற்றி ஒரு பூர்வாங்க ஆய்வு

பழுதான லேப்டாப்பிலிருந்து கல்யாண போட்டோவை மீட்டுத் தரும் தொழில், 1956-ல் ஐ.பி.எம். தன் முதல் ஹார்ட் டிஸ்கை வெளியிட்ட பிறகே பிறந்தது என்பது மேனாட்டார் துணிபு. அது பிழை. தொழில் பிறந்த இடம் சிதம்பரம். முதல் வாடிக்கையாளர் ஒரு சோழ மன்னர். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் இதற்குச் சான்று.

மன்னர் காதில் தேவாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருக்கிறது. முழுத் தொகுப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரித்ததில், காட்டுமன்னார்கோயில் பக்கம் திருநாரையூரில் நம்பியாண்டார் நம்பி என்றொருவர் இருப்பதும், பொல்லாப் பிள்ளையார் அவருக்கு நேரடித் தொடர்பில் இருப்பதும் தெரியவந்தது. மன்னர் வாழைப்பழம், தேன், அவல், அப்பம், எள்ளுருண்டை சகிதம் போய் நின்றார். டிஸ்கைத் தொடுவதற்கு முன்பே அட்வான்ஸ் வாங்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய ஆதாரம் கிடைக்கவில்லை. பணம் வாங்கியும் பதில் சொல்லாத கடைகள் உண்டு; பிள்ளையாரோ பதில் சொன்னார். ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில், தேவாரம் பாடிய மூவரின் கை முத்திரையோடு பூட்டிக் கிடந்தன.

அடுத்து வந்தது பாஸ்வேர்டு பிரச்சினை. வைத்த மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மூவரும் சிவபதம் அடைந்து நெடுங்காலம். மைக்ரோசாஃப்டின் பிட்லாக்கர் பூட்டு இன்று 48 இலக்கச் சாவி கேட்டு அடம்பிடிப்பதும் இதே தோரணைதான். போட்டவர் இறந்துவிட்டார் என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை. மன்னர் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அறை திறந்தது. மைக்ரோசாஃப்ட் இந்த முறையை இன்னும் ஏற்கவில்லை.

உள்ளே கரையான் புற்று. எண்ணெயைச் சொரிந்து ஏடுகளைப் பிரித்தார்கள். ஏட்டுக்கு எண்ணெய் சரி. ஹார்ட் டிஸ்குக்கு எண்ணெயும் ஆகாது, அரிசி மூட்டையும் ஆகாது, ஃப்ரிட்ஜும் ஆகாது. வீட்டில் மூடியைக் கழற்றுவது அதைவிட மோசம். ஓடும்போது தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான்; கண்ணுக்குத் தெரியாத தூசியே அதற்கு மலை. டிக்டிக்கென்று அடிக்கத் தொடங்கிய டிஸ்கை மறுபடி மறுபடி ஆன் செய்வது கரையானை விருந்துக்கு அழைப்பதாகும். அது மெக்கானிக்கல் கோளாறு. தூசியில்லா அறை உள்ளவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அடிக்காமல், படிக்கத்தான் திணறுகிறது என்றால், டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்து, கெட்ட இடங்களைக் கடைசிக்கு விட்டு, பிறகு நகலில்தான் கைவைக்க வேண்டும். மன்னர் நேராக மூலத்தில் கைவைத்தார். அவரை யார் கேட்பது?

விளைவு: புராணக் கணக்குப்படி மூவர் பாடியவை 1,03,000 பதிகங்கள்; இன்று நம் கையில் இருப்பவை 800-ஐத் தொடவில்லை. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மன்னர் கலங்கியபோது, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டோம் என்று அசரீரி எழுந்தது. இந்த வாக்கு கடலூர்க் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் இன்றும் எழுகிறது: "தேவையானது வந்துடுச்சு சார், மிச்சமெல்லாம் சும்மா சிஸ்டம் ஃபைலு." இரண்டும் ஒரே பாடத்தின் வெவ்வேறு சுவடிகள் என்பதே இக்கட்டுரையின் முடிபு.

அசரீரி மொழியை அப்படியே நம்பலாமா என்பது வேறு. இருபதாம் நூற்றாண்டில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று அகப்பட்டது. வேண்டாததென்று விடப்பட்ட ஒன்றை யாரோ கல்லில் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்.

கடலூருக்கென்று தனியாக ஒரு நீர்ச்சேதப் பிரிவும் உண்டு. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சேதாரமின்றித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார்; பூட்டிய அறையில் பத்திரமாக வைத்த அவர் பாடல்களில் பெரும்பகுதி மண்ணாயிற்று. ஆகவே பீரோவில் வைத்தேன், எப்படிப் போகும் என்று கேட்போருக்கு வரலாறு துணைநிற்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும் 2015-ல் வெள்ளமும் கண்ட ஊர் இது. நனைந்த டிஸ்கை வெயிலில் காயவைக்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. காய்ந்தால் உப்பும் சேறும் தட்டில் படியும். ஈரத்தோடு கவரில் கட்டி அனுப்புவதே முறை.

இனி, ஆய்வாளர்கள் அதிகம் தொடாத பகுதி. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. ஃபைல் இருக்கிறது, திறக்கும் வழியில்லை. அதற்கு விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூருக்கு, இன்றைய இராசேந்திரப்பட்டினத்துக்குப் போய், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துப் பண் அமைத்தார்கள் என்கிறது புராணம். அழிந்த டிஸ்கிலிருந்து உயிரோடு வரும் பழைய ஆய்வேடுகளுக்கும் இதே கதிதான். பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். நானூறு பக்கமும் அப்படியே நின்றால் பேராசிரியர்கள் டிஸ்க் முழுசாக மீளவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். போக வேண்டிய இடம் அதுவல்ல. அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், வாழ்நாளெல்லாம் அடுத்தவர் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த ஓர் அக்கா இருப்பார். ஒரு வரியைப் பார்த்ததுமே, "இது பாமினி சார், மேல உள்ளது மட்டும் வானவில். ரெண்டு பேர்கிட்ட கொடுத்து அடிச்சீங்களா?" என்பார்.